இரவு வேலைக்காரனின் முதல் பகல்

— அந்த வெங்காயத்தைக் கீழை வையுங்கோ எண்டு சொல்லுறன்.

— இன்னும் ரெண்டுதான், புனிதம். அதுக்கென்ன இப்ப.

— இன்னும் ரெண்டோ? அந்தச் சமையல்கார மனுசன் உங்களைப் பாத்து முழுசிக்கொண்டு நிக்கிறார். ஆபிரிக்காவுக்கு மிருகம் பாக்க வந்த ஆள், வந்த முதல் நாளே கூடாரம் அடிச்சு வச்சிருக்கிற அவற்றை குசினி ரென்ற்றுக்குள்ளை பூந்து வெங்காயம் வெட்டுறார். உலகத்திலை ஆரும் செய்வினமே?

— அவரும் தனிய நிண்டு முறியிறார் பாவம். பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் கிடந்தது.

— உங்களுக்குச் சும்மா இருக்க ஏலாது, அதுதான் விசயம். பாரிசிலை பிரெஞ்சுக்காரன்ரை ரெஸ்ரோறன்ரிலை இவ்வளவு காலமும் வெட்டினது காணாதே? மிருணா தன்ரை சம்பளத்திலை அனுப்பினவள் அம்மாவும் அப்பாவும் கலியாணம் கட்டி இருபத்தைஞ்சு வருசம் எண்டு. நீங்கள் வெங்காயம் வெட்டவெண்டில்லை.

— நீர் கதையாதையும். மத்தியானம் அந்தக் கைகழுவுற தொட்டியைத் தேய் தேயெண்டு தேய்ச்சது ஆர்?

— அது ஊத்தையாக் கிடந்தது.

— எங்களைக் கூட்டிக்கொண்டு திரியிற யோன் வந்து என்னட்டைக் கேக்கிறான், ‘மதாம் ஏதும் இன்ஸ்பெக்சனுக்கு வந்தவவோ’ எண்டு. நல்லகாலம் அவனுக்குப் பிரெஞ்சு தெரியும். ஆனா நான் என்னத்தைச் சொல்லுறது? இவ பாரிசிலை லாச்சப்பலிலை இருந்து வந்தவ, விடியப்பறம் எழும்பி லா டிபோன்சிலை ஒவ்வீசுகள் கூட்டித் துடைக்கிறவ, கை சும்மா இராது எண்டோ?

— சொல்லியிருக்கலாமே. பொய்யே? என்ரை முருகனே, எனக்கு எப்பிடி அலுப்பெண்டு தெரியுமே. பிளேனிலை கண் மூடேல்லை. ஜீப்பிலை எலும்பெல்லாம் கழண்டு போச்சு. இந்தப் புழுதி தொண்டைக்குள்ளையே நிக்குது. ஆனா ஒண்டு, நீங்களெண்டால் வலு சுகம். காலமை ஜீப்பிலை ஏறினது, ஏறின கையோடை நித்திரை. யானை போகுது, நித்திரை. ஒட்டகச்சிவிங்கி வந்து எட்டிப் பாக்குது, அதுக்கும் நித்திரை.

— இரவு வேலைக்காரனுக்குப் பகல்தானே இரவு. உடம்பு பழகிப்போச்சு, என்ன செய்யிறது?

— அதைத்தான் நானும் சொல்ல வாறன்.

— தொடங்கீட்டீர்.

— தொடங்காமல்? இண்டைக்குக் கடை சாத்த முதல் வள்ளியக்காவுக்கு அவவின்ரை கடை வேலைக்குப் பதில் சொல்லவேணும். சொல்லுறன் சொல்லுறன் எண்டு மனுசியை ஒரு மாசமா இழுத்தடிக்கிறியள்.

— இஞ்சை வந்தும் அந்தக் கதையோ? விடும், புனிதம். வீட்டை போய்க் கதைப்பம்.

— வீட்டிலை எப்ப கதைக்கிறது? நீங்கள் வர நான் போறன். நான் வர நீங்கள் போறியள். படியிலை கண்டால் ‘கறி அடுப்பிலை கிடக்கு’, ‘மெட்ரோ ஓடேல்லை, பஸ்ஸிலை போ’. எங்கடை கதை அவ்வளவுதான். ஒரு கட்டில், ரெண்டு பேரும் மாறி மாறிப் படுக்கிறம். நான் எழும்பி வேலைக்குப் போக நீங்கள் வந்து விழுறியள். எங்கடை தலையணிக்கு ஓய்வில்லை.

— பிள்ளையளை வளத்தமெல்லே.

— வளத்தம். ஓம். மிருணா வேலைக்குப் போட்டாள். கீர்த்தனனும் இனி படிச்சு முடிச்சிடுவான். இனியும் ஏன் அந்த இரவு வேலை? வள்ளியக்கா என்ன உங்களைக் கல்லுடைக்கவே கூப்பிடுறா? கடையிலை கல்லாவிலை நிக்கிற வேலை. காலமை போய்ப் பின்னேரம் வாறது. ஒழுங்கான வேலை ஒப்பந்தம், கொன்ட்ரா எழுதித் தாறன் எண்டுறா. நிண்ட ஆள் கனடாவுக்குப் போறபடியாத்தானே இடம் வந்தது.

— என்ரை முதுகும் நாரியும் இருக்கிற இருப்பிலை நான் அரிசி மூட்டை தூக்கிறதோ?

— மூட்டை தூக்க வேறை ஆள் இருக்கு.

— அந்தக் கல்லா மெசின் எனக்குத் தெரியாது.

— கீர்த்தனன் ஒரு பின்னேரத்திலை காட்டித் தருவான்.

— எங்கடை சனம் கடைக்கு வந்தால் அலட்டும். ‘எந்த ஊர், ஆற்றை மகன், ஏன் தலை நரைச்சுப் போச்சு’ எண்டு. எனக்கு அது ஒத்துவராது. சட்டிக்கு முன்னாலை நிண்டால் சட்டி ஒண்டும் கேளாது.

— சாட்டுச் சொல்லாதையுங்கோ. உங்கடை முதலாளி பத்ரோனே உங்களைப் பகல் வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டவராம். ஒருக்கா இல்லை, எத்தினையோ தரம். நீங்கள்தான் மாட்டன் எண்டிட்டியளாம்.

— ஆர் சொன்னது?

— செசில். உங்கடை ரெஸ்ரோறன்ரிலை மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோறவள். சந்தையிலை கண்டனான். ‘உன்ரை புருசன் ஏன் ராத்திரி ராத்திரி எண்டு நிக்கிறார், எல்லாரும் பகலுக்கு அடிபடுறம்’ எண்டு சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. வீட்டை வந்து குளியலறைக்குள்ளை இருந்து அழுதனான்.

— அதை ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?

— எப்ப சொல்லுறது? படியிலையோ? ...ரெலிபோன் அடிக்குது. வள்ளியக்காதான். ஸ்பீக்கரிலை போடுறன், நீங்களே உங்கடை வாயாலை சொல்லுங்கோ. அலோ! வள்ளியக்கா!

— அடியேய் புனிதம், கேக்குதே? சிங்கம் கண்டனியோ?

— இல்லை அக்கா, இண்டைக்குத்தானே முதல் நாள். வரிக்குதிரையள் கண்டன். எங்கடை தெருவிலை சனம் நிக்கிற மாதிரிக் கும்பல் கும்பலா நிக்குதுகள்.

— எங்கடை தெருவோ? இண்டைக்குச் சனிக்கிழமை, கால் வைக்க இடமில்லை. மெட்ரோ வாசல் மட்டும் சனம். பொறு பொறு... ஓம் பிள்ளை, முருங்கைக்காய் உள்ளுக்கை, தேங்காய்க்குப் பக்கத்திலை. நல்ல பிஞ்சு, முறிச்சுப் பாக்காமல் எடு... ஆ, சொல்லு. எங்கை உன்ரை மனுசன்?

— பக்கத்திலை நிக்கிறார். வெங்காயம் வெட்டுறார்.

— என்னது? அங்கையுமோ? கார்த்தித் தம்பி! உம்மைக் கட்டிவச்சாலும் கயித்தை நறுக்கிக் கறிக்குப் போடுவீர் போல கிடக்கு. சரி, பகிடி போகட்டும். ஓமோ இல்லையோ?

— அக்கா, நான் யோசிச்சு...

— என்னத்தை யோசிக்கிறீர் ஒரு மாசமா? திரான்சியிலை இருந்து பிருந்தாபன் எண்டு ஒருத்தன் வந்து கேட்டுக்கொண்டு நிக்கிறான். நல்ல சுறுசுறுப்பானவன். நான் தான் மறிச்சு வச்சிருக்கிறன், புனிதத்தின்ரை முகத்துக்காக. கடை சாத்த முதல் ஒரு சொல்லுச் சொல்லும். சொல்லாட்டி அவனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிடுவன். பிறகு என்னோடை முகத்தை நீட்டப்படாது.

— அது... மனுசி சொல்லுவா அக்கா.

— மனுசி சொல்லுவாவோ? நல்ல ஆள் நீர். புனிதம், அப்ப நீ சொல்லு. பொறு, இஞ்சை காசு குடுக்க ஆக்கள் நிக்கினம். வைக்கிறன். சிங்கத்தைக் கண்டால் கையைக் கிய்யை வெளியாலை நீட்டாதை!

— வச்சிட்டா. ஏன் என்ரை தலையிலை போட்டனீங்கள்?

— வேறை என்ன சொல்லுறது?

— ஓம் எண்டு சொல்லுறது. ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். அதுக்குக் கூட உங்களுக்கு வாய் வரேல்லை.

— யோன் கையைக் காட்டுறான். இருட்டுப்படப் போகுது, ரென்ற்றுக்குக் கிட்டப் போகட்டாம். வாரும். கத்தியை இதிலை வைக்கிறன்.

— கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. மெல்லமா நடவுங்கோ, எனக்குக் கால் இழுபடுது.

— பிடியும் என்ரை கையை. இதிலை கல்லுக் கிடக்கு... உமக்குக் கை கொதிக்குது. காய்ச்சலே?

— காய்ச்சலுமில்லை ஒண்டுமில்லை. களைப்பு. இண்டைக்கு வந்த களைப்பெண்டு நினையாதையுங்கோ, இது கன வருசத்துக் களைப்பு.

— சாப்பாடு வந்த உடனை சாப்பிட்டுட்டுப் படும். உள்ளுக்கை நல்ல போர்வை வச்சிருக்கினம். சிப்பை இழுத்துப் பூட்டும், நுளம்பு வரும்.

— நீங்கள்?

— நான் கொஞ்ச நேரம் வெளியிலை இருக்கிறன். அங்கை நெருப்பு மூட்டியிருக்கினமெல்லே, அதுக்குப் பக்கத்திலை அந்தக் காவல்காரர் விடியவிடிய இருப்பாராம். யோனிட்டைக் கேட்டனான், நானும் அவரோடை இருக்கலாமோ எண்டு. ஓம் எண்டவன்.

— என்ன?

— ஏன் முழுசுறீர்? எனக்கு இரவிலை நித்திரை வராதெண்டு தெரியும்தானே. புரண்டு புரண்டு உம்மடை நித்திரையையும் ஏன் குழப்புவான்?

— எப்ப கேட்டனீங்கள் யோனிட்டை?

— மத்தியானம்.

— வந்த உடனையே. அப்ப வீட்டிலை வெளிக்கிடேக்கையே யோசிச்சிருக்கிறியள். இவளோடை ஒரு ரென்ற்றுக்குள்ளை எப்பிடிப் படுக்கிறது, என்ன சாட்டுச் சொல்லித் தப்புறது எண்டு.

— அப்பிடியில்லையப்பா.

— வேறை எப்பிடி? கொன்ஜே எண்டு லீவிலை நிக்கிற நாளிலை ரிவி பாக்கிறன் எண்டு சோபாவிலை கிடப்பியள். விடியச் சாமம் மட்டும் அந்த ரிவி தன்ரை பாட்டுக்குக் கத்தும். லண்டனுக்கு உங்கடை தங்கச்சி வீட்டை போனால் ஆம்பிளையளோடை கதைக்கவேணும் எண்டு கீழை இருந்திட்டியள். நான் ஒண்டும் குருடி இல்லை. எல்லாம் கண்டுகொண்டுதான் இருந்தனான். கேக்க எனக்கு வெக்கமா இருந்தது. இப்ப வெக்கமில்லை, கேக்கிறன். என்னிலை உங்களுக்கு அருவருப்போ?

— விசர்க்கதை கதையாதையும்!

— சத்தம் போடாதையுங்கோ. சொல்லுங்கோ. அருவருப்பெண்டால் அதைச் சொல்லுங்கோ, நான் தாங்குவன். இல்லை, வேறை ஆரும் இருக்கினம் எண்டால் அதையும் சொல்லுங்கோ.

— வேறை ஆரப்பா? எனக்கு உம்மையே வடிவாப் பாக்க நேரமில்லை.

— அப்ப ஏன்? ஏன் அந்த நெருப்புக்குப் பக்கத்திலை போய் இருக்கப் போறியள்? முன்பின் தெரியாத காவல்காரனோடை, விடியும் மட்டும், பாஷையும் தெரியாமல்?

— ...இப்பிடி இரும். இந்தக் கதிரையிலை இரும். தண்ணியைக் குடியும் முதல்.

— எனக்குத் தண்ணி வேண்டாம்.

— சொல்லுறன். என்னைப் பாக்காமல் அங்காலை பாத்துக்கொண்டு இரும். அப்பதான் சொல்ல வரும்.

— பாக்கேல்லை. சொல்லுங்கோ.

— நான் நித்திரையிலை கத்துறனான்.

— சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்.

— சும்மா புலம்பிறதில்லை. கத்துறது. பாரிசுக்கு வெளியிலை வில்லியே லே பெல்லிலை முதல் வந்து பெடியளோடை அறையிலை இருக்கேக்கை, அவங்கள் பயந்து என்ரை மெத்தையைத் தூக்கிக் குசினிக்குள்ளை போட்டவங்கள். வேலைக்குப் போற பெடியள், அவங்களைக் குறை சொல்லேலாது. பேந்து நீர் வாறீர் எண்டு விசா வந்தது. எனக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. இவளை இந்தக் குளிருக்குள்ளை கூப்பிட்டு, முதல் இரவே கத்தி எழுப்பப் போறனே எண்டு. கலியாணம் முடிஞ்ச கையோடை பத்ரோனிட்டைப் போய் அழாக்குறையாக் கேட்டனான், என்னை இரவுக்கு விடு எண்டு. அந்தாள் என்னை வேலையிலை பெரிய கெட்டிக்காரன் எண்டு நினைச்சுது.

— பிள்ளையள்? பகலிலை நீங்கள் வீட்டிலை படுக்கேக்கை பிள்ளையள் நிண்டிருக்குமே, பள்ளிக்கூட விடுதலையிலை?

— அதுகளுக்குத் தெரியும். ‘அப்பா கனவு காணுறார், அம்மாட்டைச் சொன்னால் அம்மா பயப்பிடுவா’ எண்டு சொல்லி வச்சனான். நல்ல பிள்ளையள், சொல்லேல்லை.

— மிருணாவுக்குத் தெரியும்.

— ஓம்.

— நான் அவளுக்குச் சொன்னனான், ரென்ற்றெல்லாம் வேண்டாம், வடிவான ஹொட்டேல் எடு எண்டு. ‘இல்லை அம்மா, ஒரே ரென்ற்தான், நீங்கள் ரெண்டு பேரும் ஒரு ரென்ற்றுக்குள்ளை இருக்கவேணும்’ எண்டு ஒரே பிடி. எனக்கு அப்ப விளங்கேல்லை.

— அவள் பொல்லாதவள்.

— என்ன கனவு?

— கிளாலிக் கடல்தான். வேறை என்ன? யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கடலாலை வன்னிக்குப் போன அண்டைக்கு. வள்ளம் நிறையச் சனம். நல்ல இருட்டு. தூரத்திலை நேவிக்காரன்ரை வெளிச்சம் வருது. அவ்வளவுதான், அந்த வெளிச்சம் வாற மட்டும்தான் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு கத்திக்கொண்டு எழும்பி இருப்பன், இல்லாட்டி எழும்பாமலே கிடப்பன்.

— நானும் அந்த வள்ளத்திலைதானே இருந்தனான்.

— அதாலைதான் சொல்லேல்லை. வேறை ஆருமெண்டால் சொல்லியிருப்பன். நீர் அதைப் பற்றி ஒரு நாள் வாய் திறக்கேல்லை. நான் விடியக் காலமை வேலையாலை வந்து பாப்பன், குழந்தைப்பிள்ளை மாதிரிப் படுத்திருப்பீர். சரி, இவள் மறந்திட்டாள், கடவுள் இவளுக்காவது ஒரு நல்ல நித்திரையைக் குடுத்திருக்கிறார், அதை நான் ஏன் கெடுப்பான் எண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திப்போட்டு, நீர் எழும்பிப் போகும் மட்டும் குசினிக்குள்ளை இருப்பன். இப்ப விளங்குதே, பகல் வேலை எண்டால் எனக்கு ஏன் பயமெண்டு? பகல் வேலை எண்டால் இரவிலை உமக்குப் பக்கத்திலை படுக்கவேணும்.

— விளங்குது.

— அப்ப வள்ளியக்காவுக்குச் சொல்லும். பிருந்தாபனையே எடுக்கட்டும். கோவிச்சால் நான் போய்க் கதைக்கிறன்.

— ரெலிபோனைத் தாங்கோ.

— மெல்லமாச் சொல்லும், அவவின்ரை மனம் நோகாமல்.

— அலோ, வள்ளியக்கா. புனிதம்தான். சாத்தீட்டியளே? ...ஆ, நல்லது. ஓம் அக்கா. இவர் வருவார். வந்திறங்கின உடனை வருவார், நான் சொல்லுறன். வைக்கிறன், இஞ்சை சாப்பாடு வருது.

— புனிதம்! உமக்கென்ன, விசரே? நான் இவ்வளவும் ஆருக்குச் சொன்னனான்?

— எனக்குத்தான். ஆனா எனக்கு மத்தியானத்துக்கு முதலே தெரியும்.

— என்ன தெரியும்?

— ஜீப்பிலை கத்தினீங்கள்.

— ...இண்டைக்கோ? யோன் இருக்கத்தக்கதாயோ?

— ஓம். தலை என்ரை தோளிலை கிடந்தது. திடீரெண்டு கத்தினீங்கள். அதுக்காகத்தான் இவ்வளவு காலமும் என்னை விட்டு விலகிப் படுத்தனீங்கள் எண்டு இப்பதான் விளங்குது.

— என்ன கத்தினனான்? அந்த வில்லியே லே பெல் பெடியளும் சொல்லேல்லை, பிள்ளையளும் சொல்லேல்லை. என்ன சொல்லிக் கத்துறனான் எண்டு எனக்கே இண்டைவரைக்கும் தெரியாது.

— ‘புனிதம் படு! தலையைத் தூக்காதை, படு!’ எண்டு. அப்ப என்னை நீ எண்டுதானே கூப்பிடுறனீங்கள், சின்ன மச்சாள்தானே. அதே குரல். கிழடு தட்டேல்லை.

— நீர் என்ன செய்தனீர்?

— படுத்திட்டன்.

— எங்கை?

— ஜீப்பின்ரை தட்டிலை, ரெண்டு சீற்றுக்கும் நடுவிலை, முகம் குப்புற. யோசிச்செல்லாம் படுக்கேல்லை, கேட்ட உடனை உடம்பு விழுந்திட்டுது. யோன் வண்டியை நிப்பாட்டிப்போட்டு ‘மதாம், பாம்போ?’ எண்டு கேக்கிறான். தோடு விழுந்திட்டுது, தேடுறன் எண்டு சொன்னன். பிறகு எழும்பி, உங்கடை தலையைத் திரும்பத் தோளிலை எடுத்து வச்சுக்கொண்டிருந்தன். நீங்கள் எழும்பவேயில்லை.

— வெக்கக்கேடு. உம்மையும் புழுதிக்குள்ளை விழுத்திப்போட்டன்.

— வெக்கமோ? அண்டைக்கு நேவிக்காரன் சுடேக்கை அந்த வள்ளத்திலை எனக்குப் பக்கத்திலை இருந்த பிள்ளை படுக்கேல்லை, அவளைப் பாத்துக் கத்த அவளுக்கு ஒருத்தருமில்லை. நான் உயிரோடை இருக்கிறது அந்தச் சத்தத்தாலை. அதைப் போய் இவ்வளவு வருசமா எனக்குக் கேளாமல் ஒளிச்சு வச்சிருந்திருக்கிறியளே, மனுசா.